பூ மட்டும் மாறிய பந்தல்

அத்தியாயம் 7

துஷ்டி வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்டுவிட்டு, கிளம்பும்போது வாய் நிறைய ‘அப்ப போயிட்டு வாரேன் அண்ணாச்சி’ என்று சொன்னவன் இந்தத் தென்காசி வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பந்தலுக்குள் உட்கார்ந்திருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. இறந்துபோன பெரியவர், எங்கள் நிர்மலாதேவி மேடத்துக்குத் தூரத்துச் சொந்தம். அவர் மட்டும் எழுந்து உட்கார முடிந்திருந்தால் அவரும் என்னைத்தான் முறைத்திருப்பார். மேடம் என் முழங்கையைப் பிடித்து, கைதியை வேனுக்குக் கொண்டுபோகும் பழைய பழக்கத்தில் வெளியே இழுத்து வந்தார்.

மேடம் முன்பு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். வேலையை உதறிவிட்டுத் தென்காசியில் ஒரு பேக்கரி மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். நான் இத்ரீஸ். துபாயில் டாக்சி ஓட்டிவிட்டுத் திரும்பியவன். இறங்கிப் போகிறவர்களிடம் எல்லாம் வாய் இனிக்க விடை சொல்லிச் சொல்லி, இடம் பொருள் பார்க்காமல் அது தானாக வந்துவிடுகிறது. இப்போது மேடத்துக்கு நான்தான் டிரைவர், நான்தான் உதவியாளர், திட்டு வாங்குவதற்கும் வேறு ஆள் கிடையாது.

எங்கள் கையில் இருந்த கேஸ் கொலையும் இல்லை, கொள்ளையும் இல்லை. பாட்டு. ‘சாரல் மாப்பிள்ளை’ என்று ஒரு நகைச்சுவை நாடகம், முழுக்க முழுக்கப் பாட்டாலேயே ஓடுவது. குற்றாலத்தில் சீசன் தொடங்கியதிலிருந்து மண்டபம் நிறைந்து வழிகிறது. எழுதியவள் உமாராணி, தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். அதில் மணப்பெண்ணின் தோழியாக நடித்துப் பாடுபவளும் அவளேதான். நாடகக் கம்பெனியை நடத்துகிற ஆறுமுகநயினார் அண்ணாச்சிதான் எங்களைக் கூப்பிட்டவர். சென்னையிலிருந்து ஒரு சினிமா கம்பெனி பாட்டுகளைக் கேட்கிறதாம். எந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது, உயிரோடு இருக்கிற யாராவது நாளைக்கு ‘இது என்னுடையது’ என்று வந்து நிற்பார்களா என்று தெரிந்தாக வேண்டுமாம். அப்படி யாராவது இருந்தால் சினிமாவும் இல்லை, உமாராணி என்ற பெயருக்கு மரியாதையும் இல்லை.

சென்ற வாரம் முழுக்க அலைந்து ஏறக்குறைய எல்லாப் பாட்டுக்கும் ஊற்றுக்கண்ணைப் பிடித்துவிட்டோம். முதல் பாட்டு, தேர் இழுக்கிறவர்கள் பாடுகிற பாட்டிலிருந்து வந்தது. சம்பந்திச் சண்டைப் பாட்டு, ஊர் ஊராகப் பெண்கள் அடிக்கிற கும்மியிலிருந்து. கல்யாணத் தரகர் பாடுவது, சந்தையில் மூட்டுவலித் தைலம் விற்கிறவன் போடுகிற கூச்சலின் மெட்டு. எல்லாமே ஊருக்குப் பொதுவானவை. ஒவ்வொன்றாக நாங்கள் போய்ச் சொன்னபோது உமாராணி சிரித்துக்கொண்டே ஆமாம் என்று ஒப்புக்கொண்டாள். ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் சிரிக்கவில்லை. நாங்கள் கேட்க வாயெடுக்கும் முன்பே ‘அது நானா எழுதினது’ என்றாள்.

அதுதான் நாடகத்திலேயே அதிகமாகக் கைதட்டல் வாங்குகிற பாட்டு. மணப்பெண்ணின் அப்பா மகா கஞ்சன். அவனைக் கேலி செய்து தோழி பாடுவாள்.

வந்தவிய வாசலோட, வாங்கன்னு சொல்ல நாதியில்ல
போனவிய போன தெச, போய்ட்டு வாரேன்னு சொல்லவில்ல
போட்ட பந்தல் பிரிக்கவில்ல, பூவ மட்டும் மாத்துனாவ
மாப்பிள்ள ரயிலெறங்க, கூட்டமெல்லாம் கலஞ்சு போச்சே

உள்ளே கூப்பிட்டால் இலை போட வேண்டும் என்று வாசலிலேயே வைத்து அனுப்புகிறானாம் கஞ்சன். வந்தவர்கள் கோபத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போகிறார்களாம். மூத்தவள் கல்யாணத்துக்குப் போட்ட பந்தலிலேயே பூவை மாற்றி இளையவள் கல்யாணத்தையும் முடிக்கப் பார்க்கிறானாம். கொல்லத்து ரயிலில் மாப்பிள்ளை வந்து இறங்குவதற்குள் பந்தியே முடிந்து போனதாம். மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். நானும் மூன்று தடவை பார்த்து மூன்று தடவையும் சிரித்தவன்தான்.

துஷ்டி வீட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, மத்தியானம் ஆபீசில் அந்தப் பாட்டைப் போனில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். முதல் வரிக்கே எனக்குச் சிரிப்பு வந்தது. மேடம் பாட்டை நிறுத்தினார்.

“காலையில எல்லாரும் உன்ன ஏன் அப்படிப் பார்த்தாவ?”

“துஷ்டி வீட்டுல வாரேன்னு சொல்லிட்டுக் கிளம்பக் கூடாது. இன்னொரு சாவுக்கு வருவேன்னு ஆயிரும். தெரியும் மேடம், வாய்ப் பழக்கம்.”

“உள்ள நுழையும்போது யாராவது உன்ன வாங்கன்னு கூப்பிட்டாவளா?”

“துஷ்டி வீட்டுல எவன் மேடம் வாங்கன்னு...”

சொல்லும்போதே பாட்டின் முதல் வரி காதில் விழுந்தது.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கஞ்சன் சோற்றை மிச்சம் பிடிப்பான், இலையை மிச்சம் பிடிப்பான், வாங்க என்ற வார்த்தைக்கு என்ன செலவு என்று கேட்டார். சோறு போடாதவன்தான் வாயால் பந்தி வைப்பான். வாசலில் நின்று வாங்க வாங்க என்று ஊரையே கூப்பிடுவான். அதை விட்டுவிட்டு, வருகிறவர்களைக் கூப்பிடாமலும், போகிறவர்கள் சொல்லிக்கொள்ளாமலும் நடக்கிற வீடு இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான்.

எனக்கு அப்போதுதான் மூன்றாவது வரி உறைத்தது. என் மாமா சேக் மைதீன் தென்காசியில் பந்தல் போடுகிறவர். பந்தல் நிற்க நிற்க வாடகை ஏறும் என்பது எனக்குப் பால்குடி காலத்திலிருந்து தெரியும். மூத்தவள் கல்யாணப் பந்தலை இளையவள் கல்யாணம் வரைக்கும் நிற்க விடுகிறவன் கஞ்சனே இல்லை, ஊதாரி. மேடத்திடம் சொன்னேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக அவர் என்னைப் பாராட்டுகிற மாதிரி பார்த்தார். ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பூவை மட்டும் மாற்றிய அந்தப் பந்தல் எது என்று மாமாவிடமே கேட்கக் கிளம்பினோம்.

மாமா தன் குடோன் வாசலில் மூங்கில் எண்ணிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் போட்ட பந்தல் அப்படியே துஷ்டிப் பந்தலாக ஆன வீடு ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவர் கையிலிருந்த மூங்கிலைக் கீழே வைத்துவிட்டார்.

“அத ஏம்லே இப்பக் கேக்க?” என்றார். பிறகு அவரே சொன்னார். செங்கோட்டையில் முத்துவடிவு என்று ஒரு பெண். கல்யாணத்துக்கு முந்தின நாள், சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பந்தலைப் பிரித்துவிடட்டுமா என்று மாமா கேட்டதற்கு, பிரித்து இன்னொன்று போட நேரம் இல்லை, கல்யாணப் பூவை மட்டும் மாற்றிவிடுங்கள் என்று பெண்ணின் தம்பி சொல்லியிருக்கிறான். மாமா தன் கையாலேயே அத்தனையையும் அவிழ்த்திருக்கிறார். கொல்லத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் ரயில், மலையில் மண் சரிந்து ஆரியங்காவில் நின்றுவிட்டதாம். அவன் வந்து சேர்ந்தபோது காடுவரை போனவர்கள் திரும்பி வந்து குளித்தும் விட்டார்களாம்.

“அந்தப் பொண்ணோட அம்மா அழுத அழுகை இருக்கே. கல்லும் கரைஞ்சிரும்லே. அதுக்குப் பொறவு ரெண்டு மாசம் நான் கல்யாணப் பந்தலே ஒத்துக்கிடல,” என்றார் மாமா.

செங்கோட்டைக்குப் பைக்கில் போகும் வழியெல்லாம் சாரல். மேடம் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

முத்துவடிவு வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டு ராஜகனி அக்கா எட்டிப் பார்த்தாள். மேடம் தன்மையாகப் பேச்சுக் கொடுத்து, அந்த அம்மா அன்றைக்கு என்ன சொல்லி அழுதாள் என்று கேட்டார். ராஜகனி அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. சாவு விழாத வீட்டில் ஒப்பாரியை வாயில் எடுக்கவே கூடாது என்றாள். அவள் வீட்டு வாசலிலும் கூடாது, பக்கத்து வீட்டு வாசலிலும் கூடாது. கடைசியில் மேடத்தின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாளோ என்னவோ, செருப்பை மாட்டிக்கொண்டு தெரு முனை தாண்டி, ரயில் தண்டவாளத்துப் பக்கம் வீடே இல்லாத இடம் வரை எங்களை நடத்திக் கூட்டிப் போனாள். அங்கே நின்றும் ராகம் போடவில்லை. வீட்டு விஷயம் பேசுகிற மாதிரிச் சொன்னாள்.

“வந்தவியள வாங்கன்னு சொல்ல எனக்கு நாதியில்லையே, போட்ட பந்தல் பிரிக்காம பூவ மட்டும் மாத்திட்டேளே, மாப்பிள்ள ரயில விட்டு எறங்கையில என்னத்தக் காட்டுவேன்னு கேட்டு அழுதா.”

மூன்று தடவை இந்த வார்த்தைக்குத்தான் நான் சிரித்திருக்கிறேன்.

மேடம் இன்னும் இரண்டு விஷயம் கேட்டார். உமாராணியைத் தெரியுமா என்றார். முத்துவடிவு கூடப் படித்த பிள்ளைதானே, இரண்டு பேரும் இணைபிரியாமல் திரிவார்கள், ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளை கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது, கல்நெஞ்சம் என்று நாங்களே பேசிக்கொண்டோம் என்றாள் ராஜகனி. அந்த அம்மாவுக்குத் தான் அழுத அழுகை நினைவிருக்குமா என்றார் மேடம். ராஜகனி இல்லை என்று தலையை ஆட்டினாள். மறுநாளே அதைப் பற்றி யாரோ பேச, ‘நான் அழுதேனா?’ என்று கேட்டாளாம் முத்துவடிவின் அம்மா முப்பிடாதியம்மாள். துக்கத்தில் தானாக வந்த வார்த்தை, வந்த வழியே போய்விட்டது.

“அவிய எங்க போயிருக்காவ?” என்று நான் கேட்டேன். சும்மா கேட்டதுதான்.

தம்பி முத்துச்செல்வம் அம்மாவைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறானாம். மகள் போனதிலிருந்து அம்மா சிரித்து அவன் பார்க்கவில்லை. அக்காவின் சிநேகிதி போட்டிருக்கிற நாடகத்துக்கு ஊரே சிரிக்கிறது என்று கேள்விப்பட்டு, இன்றைக்குச் சாயங்கால ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறானாம். மண்டபத்துக்குப் போகும் வரை அம்மாவுக்கே சொல்ல மாட்டானாம்.

பைக்கை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. சீசன் நேரத்துக் குற்றாலம் ரோடு. தலையில் எண்ணெய் வழிய நடந்து போகிறவர்கள், ரம்புட்டான் வண்டிகள், குறுக்கே நிற்கிற வேன்கள் என்று ஒரு முழம் வழி கிடையாது. மேடம் உமாராணிக்கும் அண்ணாச்சிக்கும் மாறி மாறிப் போன் போட்டார். ஆட்டம் தொடங்கினால் மேடைக்குப் பின்னால் எல்லாப் போனையும் அணைத்துவிடுவது அண்ணாச்சி வைத்த சட்டம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இடைவேளை. அந்தப் பாட்டு அதற்கப்புறம்தான். மூன்றாவது வரிசையில் முத்துச்செல்வம் அம்மாவுக்கு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். முப்பிடாதியம்மாள் மெலிந்த உருவம், சாயம் போன பச்சைப் புடவை. மேடையின் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உமாராணி மேக்கப்போடு கண்ணாடி முன்னால் இருந்தாள். மேடம் சுற்றி வளைக்கவில்லை. முத்துவடிவு என்ற பெயரை மட்டும் சொன்னார். உமாராணி திரும்பாமல் கண்ணாடி வழியாகவே எங்களைப் பார்த்தாள்.

“அன்னைக்கு எனக்கு அழுகை வரல மேடம். எல்லாரும் அழுதாவ, எனக்கு மட்டும் வரல. அம்மா சொல்லி அழுதது மட்டும் ராவும் பகலும் உள்ள ஓடிக்கிட்டே கெடந்துது. எழுதிட்டா விட்டுரும்னு நெனச்சேன். அழுகையா எழுத உக்காந்தா கை ஓடல. கேலியா எழுதினேன், ஓடுச்சு.”

“மூணாவது வரிசையில பாரு,” என்றார் மேடம்.

உமாராணி எழுந்து போய்த் திரைச் சந்து வழியாகப் பார்த்தாள். திரும்பி வந்தபோது போட்டிருந்த பவுடரையும் மீறி முகம் வெளுத்திருந்தது. பாடமாட்டேன் மேடம், பாடவே மாட்டேன் என்றாள். ஆறுமுகநயினார் அண்ணாச்சி இதைக் கேட்டுவிட்டு, முன் வரிசையில் சினிமா கம்பெனி ஆள் அந்தப் பாட்டுக்காகவே உட்கார்ந்திருக்கிறார் என்று கையைப் பிசைந்தார். யார் என்ன சொன்னாலும் பாடுவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் அவள் மேடை ஏறினாள்.

நாங்கள் பக்கவாட்டில் நின்றோம். மேடையில் கல்யாண வீட்டுக் காட்சி. பாட்டு வரவேண்டிய இடம் வந்தது, ஆர்மோனியக்காரர் தொடங்கினார். உமாராணி வாய் திறக்கவில்லை. ஆர்மோனியக்காரர் அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து மறுபடி தொடங்கினார். அதற்குள் மண்டபமே முந்திக்கொண்டது. பல தடவை பார்த்தவர்கள் ஆயிற்றே. நான்கைந்து பேர் ‘வந்தவிய வாசலோட’ என்று எடுத்துக்கொடுக்க, மொத்தக் கூட்டமும் கை தட்டிப் பாட ஆரம்பித்துவிட்டது. இனி அவள் பாடினாலும் பாடாவிட்டாலும் ஒன்றுதான். உமாராணி கண்ணை மூடிக்கொண்டு கூட்டத்தோடு சேர்ந்து பாடினாள்.

நான் மேடையைப் பார்க்கவில்லை. முப்பிடாதியம்மாளைப் பார்த்தேன். முதல் வரிக்கு அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவது வரிக்குத் தலை நிமிர்ந்தது. பந்தல் வரி வந்தபோது அவள் சிரித்தாள். முதலில் உதடு, அப்புறம் தோள், அப்புறம் உடம்பு முழுக்கக் குலுங்கியது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். பக்கத்திலிருந்த முத்துச்செல்வத்தின் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. மேடையை விட்டுவிட்டு அம்மா சிரிப்பதைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அம்மாவுக்கு நினைவில்லை, நமக்கு மட்டும் எதற்கு என்று மேடத்தின் காதில் சொன்னேன். ராஜகனி எங்கேயும் வந்து சொல்லப்போவதில்லை, இந்தப் பாட்டுக்கு உரிமை கேட்க உலகத்தில் ஆள் இல்லை, கேஸை மூடிவிடலாம் என்றேன். மேடத்தின் கண் மூன்றாவது வரிசையை விட்டு நகரவில்லை.

ஆட்டம் முடிந்து முத்துச்செல்வம் அம்மாவைக் கையைப் பிடித்து மேடைக்குப் பின்னால் கூட்டி வந்தான். உமாராணி எழுந்து நின்று, வாங்கம்மா என்றாள். முப்பிடாதியம்மாள் அதற்குப் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து, உமாராணியின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, தன் நெற்றியை அவள் நெற்றியில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். எங்கள் தெருப் பெண்கள் எந்த வீட்டில் அப்படி நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள், என் புத்தி அவ்வளவுதான்.

பிறகு அவள் கையை விட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வாசல் பக்கம் திரும்பினாள். முத்துச்செல்வத்துக்குச் சங்கடமாகிவிட்டது. அம்மா பேசாததற்கும் சேர்த்து அவன் சிரித்த முகமாக, “அப்ப நாங்க போயிட்டு...” என்று ஆரம்பித்தான்.

முப்பிடாதியம்மாள் சட்டென்று திரும்பி அவன் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

“ஏலே, இங்கன அதச் சொல்லக் கூடாது.”

அவன் ஒன்றும் புரியாமல் அவள் பின்னாலேயே போனான். இருவரும் சாரலில் இறங்கி நடந்தார்கள்.

உமாராணி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சத்தமே இல்லை. மையும் பவுடரும் கரைந்து கழுத்து வரை வழிந்தது. மேடம் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக் கொடுத்தார். போலீஸ் கை அவ்வளவு மெதுவாகத் தடவும் என்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து ஆறுமுகநயினார் அண்ணாச்சி, சினிமா கம்பெனிக்காரரை முன்னால் விட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் ஒன்றையும் கவனிக்காமல், அந்தப் பந்தல் வரி எப்படி உங்களுக்குத் தோன்றியது, பிரமாதம் என்று கையை நீட்டினார். அண்ணாச்சி மேடத்தைப் பார்த்தார். மேடம் உமாராணியைப் பார்த்தார்.

“எனக்குத் தோணல சார்,” என்றாள் உமாராணி. “செங்கோட்டையில முப்பிடாதியம்மாள்னு ஒருத்தவிய, அவிய மகளுக்கு அழுதது அது. அவிய பேரப் போட்டுக்கிடுங்க. இல்லன்னா பாட்டே வேண்டாம்.”

நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் நின்றார். அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மேடம் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். ‘போயிட்டு’ என்பது வரை எனக்கு வாயில் வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். நாங்களும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினோம்.